பெரிய எஞ்சின் போட்டால் பயம் தீருமா?



பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தோட்டத்துக் குடும்பங்கள் வடக்குப் பகுதியில் மிகக் குறைவு. பிட் ஸ்திரீட் என்று சொன்னால் பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். 1801-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் தோற்றுவித்த பள்ளிவாசல் அந்தச் சாலையில் நிற்கிறது. சற்றுத் தூரத்தில் சீனர்கள் வழிபடும் குவான் யின் கோயில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் மகா மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். இவற்றுக்கு நடுவே நகைக்கடைகளும் பணமாற்றுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு தோடோ மோதிரமோ விலை கேட்காமல் வீடு திரும்புவதில்லை.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தச் சாலையில் ஒரு நகைக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தோம். கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தம் கணவரோடும் மகளோடும் வந்திருந்தார். பழைய வளையல் ஒன்றைக் கொடுத்துவிட்டு மகளுக்குத் தோடு எடுப்பதற்காக வந்திருக்கிறார்கள். மகள் ஆசிரியைப் பயிற்சி முடித்தவர். சரவாக் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போவதற்கு மீரியிலிருந்து இரண்டு எஞ்சின்கள் கொண்ட ஒரு சிறு விமானத்தில் ஏற வேண்டும்.

பேச்சுவாக்கில் அந்த அம்மா எங்களிடம் தம் கவலையைச் சொன்னார். "ஐயா, அந்தக் கப்பலு ரொம்பச் சின்னதாமே. மலைக்கு நடுவுல போகுதாம். பெரிய எஞ்சினா ரெண்டு போட்டுட்டா பயமில்லாம போகலாம்தானே? ஏன் போட மாட்டேங்கிறாங்க?"

கணவர் சிரித்தார். மகள், "அம்மா, சும்மா இரு" என்றார். ஆனால் அது சிரித்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அல்ல. விமானம் கட்டுகிறவர்களும், விமானம் வாங்குகிறவர்களும், விமானத்தைச் சோதித்து அனுமதி கொடுக்கிறவர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல நாள் விவாதிக்கிற கேள்வி அதுதான். ஆகவே இன்றைய உரையை அந்த அம்மாவுக்குச் சொல்லும் பதிலாகவே அமைத்துக்கொள்கிறோம். அவரைப் போலவே பிள்ளைகளைத் தொலைதூரத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுக் கவலையோடு இருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் ஒரு சிறு செய்தி. சிறிய இரட்டை எஞ்சின் விமானம் பினாங்குக்குப் புதியதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்குத் தன் பயணச் சேவையைத் தொடங்கியது. அப்போது பறந்தது ஏர்ஸ்பீடு கான்சல் என்ற விமானம். அதற்கு எஞ்சின்கள் இரண்டு. ஏறக்கூடிய பயணிகளோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இன்று நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து பாயான் லெப்பாசில் இறங்கும் பெரிய விமானங்களுக்கு மூத்த அண்ணன் அந்தச் சிறு விமானமே.

இனி கேள்விக்கு வருவோம். ஒரு விமானத்துக்கு ஏன் இரண்டு எஞ்சின்கள்?

"ஒன்று நின்றுபோனால் மற்றொன்று இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வோம். சொல் சரிதான். ஆனால் மற்றொன்று இருந்தால் மட்டும் போதாது. மீதமிருக்கும் அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தாங்குமா என்பதே பார்க்க வேண்டியது. ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இது புரிவதற்காக நாங்களே அமைத்த கணக்கு. எந்த விமானத்தின் அளவும் அல்ல.

ஒரு விமானம் ஏறாமலும் இறங்காமலும் நேராகப் பறந்துகொண்டிருக்க 270 குதிரைச் சக்தி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 250 குதிரைச் சக்தி உள்ள எஞ்சின்கள் இரண்டு இருக்கின்றன. மொத்தம் 500. தேவை 270 போக மிச்சம் 230. இந்த மிச்சத்தைக் கொண்டுதான் விமானம் மேலே ஏறுகிறது. மிச்சம் இல்லாவிட்டால் ஏற்றம் இல்லை. இப்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. கையில் இருப்பது 250; தேவையோ 270. இருபது குறைகிறது. விமானம் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கத் தொடங்கும். கீழே சமவெளி இருந்தால் இறங்க இடம் தேடலாம். கீழே மலையும் காடும் இருந்தால் என்ன செய்வது?

சரி, அந்த அம்மா சொன்னபடி பெரிய எஞ்சின் போடுவோம். ஒவ்வொன்றும் 300 குதிரைச் சக்தி. மொத்தம் 600. மிச்சம் 330. ஓர் எஞ்சின் நின்றால் கையில் 300. தேவை 270 போக 30 மிச்சம். விமானம் மெதுவாகவேனும் ஏறிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரலாம். எஞ்சின் ஒன்றுக்கு 50 குதிரைச் சக்தி கூடியதால் ஒரு விமானம் தப்பிக்கிறது. அம்மாவின் கேள்வி நியாயமானது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

இந்தக் கணக்கில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. எஞ்சின் இரண்டில் ஒன்று போனால் சக்தியில் பாதிதான் போகிறது. ஆனால் ஏறுவதற்கான மிச்சம் 330-லிருந்து 30-ஆகச் சுருங்கிவிட்டது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது! சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் இயல்பு இதுதான். இரண்டு காளை இழுக்கும் வண்டியில் ஒன்று படுத்துவிட்டால், மற்றொன்று மேட்டில் பாதி வேகத்தில் இழுக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நகர்ந்தாலே பெரிய காரியம்.

இவ்வளவும் பெரிய எஞ்சினுக்குச் சாதகமான தட்டு. இனி அடுத்த தட்டைப் பார்ப்போம். நகைக்கடைத் தராசில் ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறத்தானே செய்யும்?

முதலாவது, எடை. சக்தி கூடிய எஞ்சின் பெரும்பாலும் எடையும் கூடியதாக இருக்கும். எஞ்சினைத் தாங்கும் சட்டம், அதைச் சுற்றியுள்ள மூடி, முன்னால் சுழலும் விசிறி, இவையும் பலப்பட வேண்டும். அந்த எடையையும் விமானமே தூக்க வேண்டும். நேராகப் பறக்கத் தேவையான சக்தி 270-இல் நிற்காது, கூடும்.

இரண்டாவது, எரிபொருள். மிகுதியாக உழைக்கும் எஞ்சின் மிகுதியாகக் குடிக்கும். அதே தூரம் போக இன்னும் நூறு லிட்டர் பெட்ரோல் வேண்டுமென்றால், அந்த நூறு லிட்டரின் எடை ஏறத்தாழ 72 கிலோ. அதாவது ஓர் ஆள். ஒன்பது பேர் ஏற வேண்டிய விமானத்தில் எட்டுப் பேர்தான் ஏற முடியும். அந்த ஒன்பதாவது ஆள் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, திரும்பும் விசை. இது பலருக்குத் தெரியாத செய்தி. இரண்டு பக்கத்து இறக்கையிலும் எஞ்சின் ஓடும்போது விமானம் நேராகப் போகிறது. இடது பக்கத்து எஞ்சின் நின்றுவிட்டால், வலது எஞ்சின் மட்டும் இழுத்து, விமானத்தின் மூக்கை இடது பக்கம் திருப்பும். படகில் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் என்ன ஆகும் என்று கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். விமானி காலால் மிதித்து, வாலில் உள்ள சுக்கானைத் திருப்பித்தான் அதை நேராக்க வேண்டும். சுக்கானுக்குப் பலம் கொடுப்பது காற்று. விமானம் வேகமாகப் போனால் சுக்கான் நன்றாக வேலை செய்யும். மெதுவாகப் போனால் செய்யாது. இப்போது நினைத்துப் பாருங்கள். ஓடும் எஞ்சின் எவ்வளவு பலமானதோ அவ்வளவு பலமாகத் திருப்பும். பெரிய எஞ்சின் போட்டுவிட்டு வாலையும் சுக்கானையும் பழையபடியே விட்டுவிட்டால், மெதுவான வேகத்தில் அந்தப் பலமே விமானத்தைப் புரட்டிவிடக் கூடும்.

நம் தம்பிமார் சிலர் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பெரிய சிலிண்டர் போட்டுக்கொள்கிறார்கள். வேகம் கூடுகிறது, பிரேக் பழையதே, சக்கரமும் பழையதே. பிறகு வளைவில் என்ன நடக்கிறது என்பதை நாம் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். விமானத்திலும் அதே நியாயம்தான். அதனால்தான் எஞ்சினை மாற்றுவதற்கு முன் இறக்கை, வால், சட்டம் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு, பறந்து சோதித்து, விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும் என்று உலகம் முழுவதும் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, பணம். எஞ்சின் விலை மட்டுமல்ல. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் விமான எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு கூடினால் டிக்கெட் விலை கூடும். அல்லது பயணங்கள் குறையும். உட்பகுதி மக்களுக்கு இரண்டுமே துன்பம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. நம் நாட்டு உட்பகுதிகளில் பறந்த இரண்டு விமானங்களின் கதையைக் கேளுங்கள். இரண்டுமே 1965-ஆம் ஆண்டில், ஒரு மாத இடைவெளிக்குள், முதன்முதலாகப் பறந்தவை.

ஒன்று, இங்கிலாந்தின் வைட் தீவில் ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இருவர் உருவாக்கிய ஐலாண்டர் விமானம். பழைய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் காலத்திலும், அதன் பிறகு வந்த மலேசிய விமான நிறுவனக் காலத்திலும் சபா, சரவாக் உட்பகுதிகளுக்குப் போய் வந்தது இது. 1965 ஜூன் 13-ஆம் நாள் முதல் ஐலாண்டர் பறந்தபோது அதில் 210 குதிரைச் சக்தி எஞ்சின்கள் இரண்டு இருந்தன. பறந்து பார்த்ததும் சக்தி போதவில்லை என்பது தெரிந்தது. அவர்கள் 260 குதிரைச் சக்தி எஞ்சின்களைப் போட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இறக்கையின் மொத்த நீளத்தையும் 45 அடியிலிருந்து 49 அடியாக நீட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் புதிய உருவில் அது பறந்தது. எஞ்சினையும் இறக்கையையும் சேர்த்தே மாற்றியதைக் கவனியுங்கள். தனி எஞ்சின் தனியே விடை தருவதில்லை.

பின்னாளில் ஐலாண்டர் வாங்குகிறவர்களுக்கு 260 குதிரைச் சக்தி வேண்டுமா, 300 வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது. இரண்டு வகைக்கும் புறப்படும்போது இருக்கத்தக்க உச்ச எடை ஒன்றே: 6,600 பவுண்டு, அதாவது 2,994 கிலோ. மேலே ஏறும் வேகத்தையும் பத்திரத்தையும் விரும்பியவர் 300 வாங்கினார். சமவெளித் தீவுகளுக்கு நடுவே பறந்து, எரிபொருளை மிச்சப்படுத்த விரும்பியவர் 260 வாங்கினார். பலத்தைக் கூட்டியவர்களுக்குக் கூடுதல் சுமை ஏற்ற உரிமை தரப்படவில்லை. எஞ்சின் சற்றுக் கனமாக இருந்தால், அந்த அளவுக்குச் சுமையைக் குறைக்கத்தான் வேண்டும்.

1980-ஆம் ஆண்டில் அதே ஐலாண்டருக்கு டர்பைன் எஞ்சின் பூட்டிய வகையும் பறந்தது. டர்பைன் என்பது மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லாமல், சூடான காற்றின் வேகத்தில் சுழலும் எஞ்சின். அது அளவில் இலேசானது, அதிர்வு குறைவு, எங்கும் கிடைக்கும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும். பிஸ்டன் விமானப் பெட்ரோல் தொலைவிடங்களில் கிடைப்பதே அரிது. ஆனால் டர்பைனின் விலை பன்மடங்கு, குடிப்பதும் அதிகம். ஆகவே டர்பைன் வந்த பிறகும் பிஸ்டன் ஐலாண்டர் மறையவில்லை. இரண்டும் அவரவர் தேவைக்குத் தக்கபடி வாழ்கின்றன.

இரண்டாவது விமானம், கனடா நாட்டு டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டுவின் ஓட்டர். ஆசிரியை மகள் ஏறப்போவதும் இதில்தான். முதல் வகையில், அதாவது நூறாம் வரிசையில், ஒவ்வொரு டர்பைன் எஞ்சினும் 550 குதிரைச் சக்தி தந்தது. உச்ச எடை 5,252 கிலோ. பிறகு வந்த முந்நூறாம் வரிசையில் எஞ்சின் 620 குதிரைச் சக்தி ஆயிற்று. உச்ச எடையும் 5,670 கிலோவாக உயர்ந்தது. அதாவது கூடிய சக்தியில் ஒரு பகுதியைச் சுமைக்குக் கொடுத்துவிட்டார்கள். விமானத்தின் உடலையும் அதற்கேற்பப் பலப்படுத்திச் சோதித்துத்தான் கொடுத்தார்கள்.

1988-இல் டுவின் ஓட்டர் தயாரிப்பு நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்து, கனடாவின் வைக்கிங் நிறுவனம் அதை மீண்டும் தயாரிக்கத் தொடங்கி, 2010-இல் நானூறாம் வரிசையை வெளியிட்டது. சரவாக், சபா உட்பகுதிச் சேவையை 2007-இல் ஏற்றுக்கொண்ட மாஸ்விங்ஸ் நிறுவனம் இந்தப் புதிய வகையைத்தான் வாங்கியது. இப்புதிய எஞ்சின் 750 குதிரைச் சக்தி தரவல்லது. அப்படியானால் விமானம் 750-இல் பறக்கிறதா? இல்லை! பழைய 620-ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள். உச்ச எடையும் பழைய 5,670 கிலோவே.

இருக்கிற பலத்தை ஏன் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும்? இங்கேதான் இன்றைய உரையின் சாரம் இருக்கிறது. அறுபது கிலோ செம்பனைக் குலையைத் தூக்க வல்ல ஓர் இளைஞனிடம் நாற்பது கிலோ குலையைக் கொடுக்கிறோம். காலைக் குளிரில் அவன் எளிதாகத் தூக்குகிறான். நடுப்பகல் வெயிலில், மேட்டில், களைத்த நேரத்திலும் அதே நாற்பதைத் தூக்குகிறான். நாற்பதே உச்சமாக உள்ள இன்னொருவன் நடுப்பகலில் முப்பதுக்கு இறங்கிவிடுவான். எஞ்சினும் அப்படித்தான். வெயில் ஏறினால் காற்று இலேசாகும். உயரம் ஏறினாலும் காற்று இலேசாகும். இலேசான காற்றில் எஞ்சினின் பலம் குறையும். இறக்கையின் தாங்கு சக்தியும் குறையும். கெலாபிட் மலைநாட்டில் உள்ள பாரியோ, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் சாதாரணப் பிஸ்டன் எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆனால் 750 தரவல்ல டர்பைன், அங்கேயும் வெயிலிலும் 620-ஐக் குறையாமல் கொடுக்கும். கையிருப்பு என்பது இதுதான். சம்பளம் முழுவதையும் செலவழிக்காத குடும்பம் மழைக்காலத்தில் கடன் வாங்காமல் இருப்பதைப் போல.

இப்போது நம் பழைய கணக்கை மறுபடி எடுங்கள். 300 குதிரைச் சக்தி எஞ்சின்கள் இரண்டு. ஒன்று நின்றால் மிச்சம் 30. ஆனால் விமானத்துக்குச் சொந்தக்காரர், "எஞ்சின்தான் பெரிதாகிவிட்டதே, இன்னும் நாலு மூட்டை ஏற்று" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை கூடுகிறது, நேராகப் பறக்கத் தேவை 270-லிருந்து 310 ஆகிவிடுகிறது. ஓர் எஞ்சின் நின்றால் கையில் 300. மறுபடியும் பத்துக் குறை; மறுபடியும் இறக்கம். காசு செலவழித்தோம், எரிபொருள் கூடிற்று, ஆபத்து மட்டும் தொடங்கின இடத்திலேயே நிற்கிறது. பெரிய எஞ்சின் வாங்கித் தந்த பத்திரத்தை நாலு மூட்டை தின்றுவிட்டது.

எடை என்பது எவ்வளவு தூரம் உயிரோடு விளையாடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1976 ஜூன் 6-ஆம் நாள், கோத்தா கினபாலு விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த நோமட் என்ற சிறு விமானம் கடலோரத்தில் விழுந்தது. சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உள்பட அதில் இருந்த பதினொரு பேரும் இறந்தனர். அதுவும் இரண்டு டர்பைன் எஞ்சின்கள் கொண்ட விமானம்தான். நாசவேலை என்றும் வேறு என்னென்னவோ என்றும் மக்கள் பல்லாண்டு பேசினார்கள். 2023-இல் விசாரணை அறிக்கை வெளியிடப்பட்டபோது, விமானத்தின் பின்பகுதியில் சுமை மிகுதியாக வைக்கப்பட்டு, அதன் சமநிலை எல்லை தாண்டிப் பின்னோக்கிப் போயிருந்தது தெரிந்தது. சுமையின் அளவு மட்டுமல்ல, அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அத்தகைய தவற்றை எஞ்சினின் பலத்தால் ஈடு செய்ய முடியாது.

ஆகவே அம்மா கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இது. பெரிய எஞ்சின் நல்லதுதான். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, எதற்காகப் போடுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். வேகத்துக்கா, சுமைக்கா, ஓர் எஞ்சின் நின்றால் தப்பிப்பதற்கா? மூன்றுக்கும் ஒரே பலத்தை மூன்று முறை செலவழிக்க முடியாது. இரண்டு, எஞ்சினோடு இறக்கையும் வாலும் சட்டமும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். மூன்று, கூடிய பலத்தில் ஒரு பகுதி எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்த்து முடிவு செய்யப்பட்ட விமானத்தில் உங்கள் மகள் ஏறட்டும். விமானம் சிறியது என்பதற்காக அஞ்ச வேண்டாம்.

நாங்கள் இதைச் சுருக்கமாக நகைக்கடையிலேயே சொன்னோம். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "அப்போ அந்த ஊறுகாய்ப் போத்தலு, அரிசி மாவு, முறுக்கு டின்னு எல்லாம்?" என்று கேட்டார். வீட்டில் பெரிய பெட்டி கட்டி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மகள், "ஏர்போட்டுல பெட்டியை மட்டும் இல்லம்மா, என்னையும் தராசுல நிறுத்தித்தான் ஏத்துவாங்களாம்" என்றார்.

ஆம், நேயர்களே. உட்பகுதிக்குப் பறக்கும் சிறு விமானங்களில் பயணிகளையும் நிறுக்கிறார்கள். அதைக் கேலியாக எண்ண வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். நாம் இன்று போட்ட கணக்கு முழுவதும் அந்தத் தராசிலிருந்துதான் தொடங்குகிறது. கைப்பையில் மறைத்துக்கொண்டு போகும் ஐந்து கிலோவை விமானியின் கணக்கு அறியாது. எஞ்சின் ஒன்று நிற்கும் நேரத்தில் விமானம் அறியும். பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து கிலோ மறைத்தால் ஐம்பது கிலோ. நாம் கணக்கில் பார்த்த அந்தச் சிறு மிச்சம் அங்கேயே கரைந்துபோகும். எஞ்சினைப் பெரிதாக்குவது பொறியாளர் கையில் இருக்கிறது. எடையை உண்மையாகச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

பால் ஸ்டோரில் நிறுவை சரியில்லை என்றால் நாம் சும்மா இருந்ததில்லை. நம் உழைப்பின் நிறை குறையக் கூடாது என்று மண்டோரிடமும் கிராணியிடமும் வாதாடிய சமுதாயம் நாம். விமான நிலையத் தராசிலும் அதே கண்டிப்பை நம் மீதே காட்டிக்கொள்வோம்.

கடைக்காரர் பழைய வளையலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்தார். எண் அசைந்து அசைந்து நின்றது. தோட்டை அடுத்து வைத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மா மகளின் காதில் தோட்டை மாட்டிவிட்டு, "இது கனமில்லையே?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றோம். பெட்டியிலிருந்து அரிசி மாவை எடுத்துவிடுவதாகவும், முறுக்கு மட்டும் போகட்டும் என்றும் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார்.